பகடை உருளுமுன் பேச வேண்டியது

சித்தூர் மாவட்டத்தில் கோடை பிறந்தால் பாரதம் பிறக்கும். பகலில் பிரசங்கம் அல்லது அரிகதை, இரவில் கூத்து, நிறைவு நாளில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் என ஊருக்கு ஊர் அது நடந்து முடியும். முடிந்த மறுவாரமே ஒரு தீர்ப்பும் வந்துவிடும். கூட்டம் குறைந்துவிட்டது, நள்ளிரவுக்கு மேல் களரியின் முன் ஆளில்லை, இளைஞர்கள் ரெக்கார்டு டான்ஸ் கேட்கிறார்கள், ஆகவே கூத்தாடிகள் காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. கருத்தரங்குகளில் இதே தீர்ப்பு சற்று நாகரிகமான ஆடை உடுத்தி, 'பார்வையாளர் ரசனை மாறிவிட்டது' என்று வந்து நிற்கும்.

இத்தீர்ப்பு பிழையானது. இன்னும் சரியாகச் சொன்னால், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரம். ரசனை மாறியதால் கூத்து தளரவில்லை. வெவ்வேறு ரசனைகளை ஒரே இரவுக்குள் இருத்திவைத்த முன்பேச்சு கைவிடப்பட்டதால் தளர்கிறது. அப்பேச்சைக் கைவிட்டவர்கள் கூத்தாடிகள் அல்லர்.

சித்தூர் நகரிலிருந்து தமிழக எல்லை நோக்கி விரியும் கங்காதர நெல்லூர், கார்வேட்டிநகரம், பாலசமுத்திரம் முதலிய மண்டலங்களை எடுத்துக்கொள்ளலாம். 1911இல் வட ஆற்காட்டின் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திரத்துக்குச் சென்றது. 1960இல் எல்லை மாற்றப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் மாவட்டமே பிளந்து திருப்பதி தனியானது. கோடுகள் இத்தனை முறை நகர்ந்தும் பாரதம் நகரவில்லை. தமிழர் அக்கோயிலைத் திரௌபதி அம்மன் கோயில் என்பர்; தெலுங்கர் பல ஊர்களில் தர்மராஜர் கோயில் என்பர். ஒருவர் மனைவியின் பெயரால் அழைக்கும் வழிபாட்டை மற்றவர் கணவன் பெயரால் அழைக்கிறார். கோயிற்பெயரிலேயே எதிர்பார்ப்பு இரண்டாகப் பிரிந்துவிட்ட நிலத்தில், கூத்தின் பார்வையாளர் ஒரு காலத்தில் ஒரே மனத்தவராய் இருந்தார் என்று எவ்வாறு நம்புவது?

பார்வையாளர் என்றுமே ஒருவர் அல்லர். அர்ச்சுனன் தபசு நாளை மட்டும் பார்த்தாலே இது விளங்கும். உயர்ந்த கம்பமொன்று நடப்பட்டிருக்கிறது. அர்ச்சுனன் வேடம் பூண்டவர் பாடிக்கொண்டே அதன் மேல் ஏறுகிறார். அடியில் ஈர உடையோடு காத்திருக்கும் பெண்களுக்கு அது நாடகமே அன்று. மேலிருந்து விழும் எலுமிச்சையும் திருநீறும் பிள்ளைவரம். அருகில் நிற்கும் முதியவருக்கு அது பாட்டு. ஓர் அடி தவறினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். சிறுவர்களுக்கு அத்தனை உயரத்தில் ஒரு மனிதர் ஏறுவதே வியப்பு. நன்கொடையாளருக்குத் தம் பெயர் ஒலிபெருக்கியில் வருகிறதா என்பது கவலை. கடை விரித்தவருக்குக் கூட்டம் கலையக்கூடாது. மேலே ஏறுகிறவருக்கோ, பாட்டும் மூச்சும் கைப்பிடியும் ஒருசேர நிலைத்து, கீழிறங்கியபின் பேசிய கூலி குறையாமல் வர வேண்டும். ஒரே கம்பத்தைச் சுற்றி ஆறு எதிர்பார்ப்புகள், ஆறும் நியாயமானவை, ஒன்று மற்றொன்றை எளிதில் கெடுத்துவிடக்கூடியவை.

இவற்றை ஒருசேரத் தாங்குவதற்குக் கூத்து நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. அதற்கென அமைப்பு வைத்திருந்தது. மேளக்கட்டு கூட்டத்தைச் சேர்க்கிறது. வழியில் இருப்பவர் வந்துசேர அது தரும் அவகாசமும்கூட. அடுத்துக் கடவுள் துதி. பின்னர் கட்டியக்காரன் வருகிறான். வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தம்மை அறிவிக்க, கட்டியக்காரன் ஊராரின் சார்பில் வினா எழுப்புகிறான்: வந்திருப்பவர் யார், எந்த நாடு, என்ன காரியம்? கதை முழுதும் அறிந்த ஊரில் இவ்வினாக்கள் எதற்கு? தகவலுக்காக அன்று. 'இப்போது நடக்கப்போவது இது. இதை இவ்வகையில் காண்க' என்று ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்காக.

மொழியும் அவ்வாறே பங்கிடப்பட்டது. அரசரும் தேவியரும் விருத்தத்திலும் உயர்வழக்கு வசனத்திலும் பேசுவர். கட்டியக்காரன் ஊர்வழக்கில் பேசுவான். எல்லைப்புறத்தில் தமிழும் தெலுங்கும் அவன் நாவில் உரசிக்கொள்ளும். இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் தனித்தனிப் பணிகளுக்கு ஒதுக்கும் மொழிச்சூழலை இரட்டை வழக்கு என்று மொழியியல் விவரிக்கிறது. வகுப்பறையில் அது பெரும்பாலும் ஒரு சிக்கலாகவே பேசப்படுகிறது. களரியிலோ அது ஒரு தீர்வு: உயர்வழக்கு பாட்டறிந்த முதியவருக்கு, ஊர்வழக்கு சிறுவருக்கும் அலுத்து வந்த உழைப்பாளிக்கும். இருவரையும் ஒரே விடியல்வரை உட்கார வைக்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

துகிலுரிதல் இரவு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. துச்சாதனன் வேடம் பூண்டவர் திரௌபதியின் சேலையைப் பற்றுமுன் ஆட்டம் நிற்கிறது. கற்பூரம் ஏற்றப்படுகிறது. அவர் வேடத்திலிருந்து ஓரடி வெளியே வந்து, அம்மனை வணங்கி, பிழை பொறுக்க வேண்டிக்கொண்டு, மீண்டும் துச்சாதனனாகிறார். 'நாடகத்தின் மாயை கலைகிறதே' என்று நவீன அரங்கு பயின்ற ஒருவர் இதைக் குறை காணக்கூடும். கலைக்கத்தான் வேண்டும். அங்கே அமர்ந்திருப்பவர்களுள் சிலருக்கு அது காட்சி, சிலருக்கு அம்மனுக்கே நேரும் அவமதிப்பு, சிலருக்கு அருள் வந்துவிடும் கணம். இம்மூவரும் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கையில், 'நிகழப்போவது எது, எது அன்று' என்று அறிவித்துவிட்டு மேற்செல்வது கலைக்குறை ஆகாது. அதுவே கலையின் அறம்.

இதைக் கேட்டால், உலகின் வேறொரு மூலையில் மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டுகிற ஒரு கூட்டம் தலையசைக்கும். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, அவர் செய்வதைச் சொல்வர்; நடத்துநர் ஒருவர் உலகத்தையும் ஏனைய மாந்தரையும் தாங்குவார்; ஐயமான இடங்களைப் பகடை தீர்க்கும். பார்வையாளர் இல்லை, ஆடுவோரே காண்போர். சென்னையிலும் பெங்களூரிலும் வார இறுதிகளில் இன்று இவ்விளையாட்டு நடக்கிறது. பொம்மைப் படைகளை வைத்துப் போர் நடத்தும் விளையாட்டிலிருந்து அது பிறந்தது. ஆகவே பிறக்கும்போதே ஒரு பிளவோடு பிறந்தது: சிலர் போர்த்தந்திரத்துக்காக வந்தனர், சிலர் வேடம் புனைய வந்தனர்.

ஆறே ஆண்டுகளில் பிளவு எழுத்தில் வந்துவிட்டது. 1980இல் கிளென் பிளேகோ என்பவர் ஆட்டக்காரரின் நாட்டங்களை நான்காக வகுத்து ஒரு கட்டுரை எழுதினார்: மாந்தராக வாழ விரும்புதல், கதை வளர்வதை விரும்புதல், தம் மாந்தரின் வலிமையைப் பெருக்க விரும்புதல், தந்திரப்போரை விரும்புதல். 1983இல் கேரி ஆலன் ஃபைன் என்ற சமூகவியலாளர் இவ்விளையாட்டுக் குழுக்களை நேரில் கண்டு ஒரு நூலே எழுதினார். எர்விங் காஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைக் கையாண்டு, மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவர் ஒரே வேளையில் மூன்று தளங்களில் வாழ்வதை அவர் காட்டினார்: வீட்டுக்குத் திரும்பவேண்டிய மனிதர், விதியறிந்த ஆட்டக்காரர், கதைக்குள் வாளேந்திய மாந்தர். சச்சரவுகளை விளங்கிக்கொள்ள இப்பகுப்பு பெரிதும் உதவுகிறது. ஒருவர் மாந்தராகப் பேசியதை மற்றவர் மனிதராகக் கேட்டுவிட்டால் சண்டை மூளும். கற்பூரம் ஏற்றும் துச்சாதனன் இம்மூன்று தளங்களையும் பல்கலைக்கழகம் செல்லாமலே அறிந்திருந்தார்.

பிளவு தெரிந்தும் அதைத் தீர்க்கும் வழி அங்கே நெடுங்காலம் ஒருவரின் தோளிலேயே சுமத்தப்பட்டது. நல்ல நடத்துநர் எல்லோரையும் மகிழ்விப்பார். மேசை கலைந்தால் நடத்துநர் திறமையற்றவர். முதல் ஆட்டத்துக்கு முன்பே பகடையைத் தொடாமல் கூடி, எத்தகைய கதை, எவ்வளவு நேரம், எவை கூடா, சச்சரவு வந்தால் என்ன வழி என்று பேசிக்கொள்ளும் கூட்டத்தை அவர்கள் 'செஷன் ஜீரோ' என்கிறார்கள். பழக்கமாகப் பல குழுக்களில் அது முன்பே இருந்தாலும், அந்த விளையாட்டின் அதிகாரபூர்வத் துணைநூல் ஒன்று அதற்கெனத் தனிப்பகுதி ஒதுக்கி எழுதியது 2020இல். விளையாட்டு பிறந்து 46 ஆண்டுகள் கழித்து. வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்து, எந்த நாள் எந்தக் கதை என்று பேசி முடிக்காமல் எந்த ஜமாவும் களரியில் கால் வைத்ததில்லை என்ற செய்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தால் சில நட்புகளாவது பிழைத்திருக்கும்.

இதைச் சொல்வது 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று மார்தட்டுவதற்காக அன்று. கூத்து வேறு, பகடை மேசை வேறு. ஒன்றில் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். மற்றதில் எவருக்கும் தெரியாது. ஒன்றன் பின்னால் நேர்த்திக்கடன் நிற்கிறது. மற்றதன் பின்னால் ஓய்வுநாள் நிற்கிறது. ஒப்புமை ஒரே இடத்தில்தான் உண்மை: பலர் கூடிப் புனையும் எந்த உலகமும் அவர்கள் முன்னதாகப் பேசிக்கொண்டதன் மேல்தான் நிற்கும். முன்பேச்சு வற்றினால் இரண்டும் ஒரே விதமாக உடைகின்றன. உடைந்ததும் ஒரே விதமாக ஒருவர்மீது பழி விழுகிறது. இங்கே வாத்தியார், அங்கே நடத்துநர்.

மொழியியலில் இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. உரையாடல் என்பது பங்கேற்போர் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கும் செயல் என்றும், சொல்லப்படாத பொருளை உய்த்துணர்வது அவ்வொத்துழைப்பை நம்பியே நிகழ்கிறது என்றும் பால் கிரைஸ் 1975இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக 34ஐ எண்ணும்போது அவற்றுள் கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. கேட்போர் செய்யுளுக்கு வெளியே அமர்ந்து தீர்ப்பு வழங்குபவர் அல்லர். செய்யுளின் உறுப்பே அவர். உறுப்பு செயலிழந்துவிட்டு, 'உடல் ஏன் நடக்கவில்லை' என்று கேட்பது என்ன நியாயம்?

கர்ண மோட்சத்தை எண்ணிப் பார்க்கலாம். கோயில் திருவிழாவில் அது போரின் ஓர் இரவு. வடதமிழகத்தில் இறந்தவருக்கான பதினாறாம் நாள் சடங்கிலும் அதுவே ஆடப்படுகிறது. பாட்டு அதே, வேடம் அதே, கர்ணன் சாய்வதும் அதே. ஆனால் இழவு வீட்டில் கட்டியக்காரனின் பகடி எந்த அளவில் நிற்க வேண்டும், குந்தியின் புலம்பல் எவ்வளவு நீள வேண்டும், யார் பெயரைச் சொல்லிப் பாட வேண்டும் என்பவை வேறு. பனுவலில் இவ்வேறுபாட்டைத் தேடினால் கிடைக்காது. அது அழைத்தவருக்கும் ஆடுபவருக்கும் இடையிலான பேச்சில் இருக்கிறது. அப்பேச்சு இல்லாமல் அதே ஜமாவை அதே கதையோடு அனுப்பினால், ஒரு வீட்டில் ஆறுதலாகும் ஆட்டம் மற்றொரு வீட்டில் அவமதிப்பாகும்.

இன்று அப்பேச்சுக்கு நேர்ந்திருப்பது என்ன? பல இடங்களில் அது தொகை பேசுவதாகச் சுருங்கிவிட்டது. எத்தனை இரவு, எவ்வளவு ரூபாய் என்பதோடு முடிகிறது. நள்ளிரவுக்குப் பின் ஒலிபெருக்கிக்கு அனுமதி உண்டா என்று எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காவலர் வந்து நிறுத்தும்போதுதான் ஜமாவுக்குத் தெரிகிறது. இளைஞர் குழு ஒருபுறம் ரெக்கார்டு டான்ஸுக்கு மேடை போடுகிறது; அது எந்நேரம் முடியும் என்பது எவர் கணக்கிலும் இல்லை. அரசியல் பிரமுகர் வந்தால் நடுவில் நிறுத்திச் சால்வை போர்த்துகிறார்கள். பிறகு விடியுமுன் கதை முடியவில்லை என்று வாத்தியாரைக் கேட்கிறார்கள். இது ரசனை மாற்றம் அன்று. பேச வேண்டியதைப் பேசாமல் விட்டதன் விலை. அதைச் செலுத்துகிறவரோ பேசாமல் விட்டவர் அல்லர்.

நகரத்துப் பண்பாட்டு விழாக்கள் இதே பிழையை மேலும் பளபளப்பாகச் செய்கின்றன. எட்டு மணிநேர ஆட்டத்தை ஒரு மணிநேரத்துக்குள் கேட்கிறார்கள். சுருக்குவது குற்றமன்று. கூத்து வளையத் தெரிந்த கலை. அன்னா டி புருயின் கட்டைக்கூத்தைப் பற்றி 1999இல் எழுதிய ஆய்வுநூல் அந்நெகிழ்வையே தலைப்பில் தாங்கியிருக்கிறது. குற்றம் எங்கே என்றால், எதைச் சுருக்குகிறோம் என்பதை ஆடுபவரோடு பேசித் தீர்மானிக்காமல், மேளக்கட்டையும் திரைப் பிரவேசத்தையும் 'தொடக்க இழுவை' என்று வெட்டுவதில். காண்போரை ஆட்டத்துக்குள் அழைத்துவரும் பகுதியையே நீக்கிவிட்டு, 'பார்வையாளர் ஒன்றவில்லை' என்று அறிக்கை எழுதுகிறார்கள். வாசற்படியை இடித்துவிட்டு விருந்தினர் வரவில்லை என்று வருந்துவது போன்றது இது.

பெயரிலும் இதே சிக்கல். தெருக்கூத்து என்ற சொல் பலர் காதில் தெருவில் கிடைப்பது, மலிவானது, எவரும் எப்போதும் நிறுத்தக்கூடியது என்ற எதிர்பார்ப்பை விதைக்கிறது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எனக் கட்டையணிகளால் பெயர்பெற்ற கட்டைக்கூத்து என்ற சொல்லையே வற்புறுத்திய கலைஞர் பெ. ராஜகோபால் சொல்லாராய்ச்சிக்காக அதைச் செய்யவில்லை. தொழிற்கலைஞரிடம் என்ன எதிர்பார்க்கலாம், அவருக்கு என்ன தரவேண்டும் என்பதைப் பெயரிலிருந்தே தொடங்கச் செய்தார். 1990இல் காஞ்சிபுரத்தில் உருவான கட்டைக்கூத்துச் சங்கமும் அவ்வாறே: தனித்தனியாகப் பேரம் பேசி வலுவிழந்த கலைஞர்கள் கூட்டாகப் பேசுவதற்கான இடம் அது. 2002 முதல் 2020வரை இயங்கிய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். 'பெண் ஆடினால் ஊர் ஏற்காது' என்பது அசைக்கமுடியாத ரசனையாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. பேசினால் எதிர்பார்ப்பு மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். அதை ஒதுக்கிவிட முடியாது. பழைய முன்பேச்சில் பேசியவர்கள் யார்? ஊர்ப் பெரியவர்கள், கோயில் தர்மகர்த்தா, நிலமுடையோர். பிள்ளைவரம் வேண்டிக் கம்பத்தடியில் நிற்கும் பெண் அக்கூட்டத்தில் இல்லை. சேரியிலிருந்து வந்து எட்ட நின்று பார்த்தவர் இல்லை. ஆடுபவர்கூட அங்கே சமமாக உட்கார்ந்தவர் அல்லர். 'கூத்தாடி' என்ற சொல் இன்றும் வசையாகப் பயன்படுவது அதன் மிச்சம். ஆகவே 'முன்னோர் செய்தபடியே செய்வோம்' என்பது இக்கட்டுரையின் கோரிக்கையாக இருக்கமுடியாது. அன்று எல்லோருடைய எதிர்பார்ப்பும் பொருந்தியதாகத் தோன்றியதற்கு ஒரு காரணம், பலருடைய எதிர்பார்ப்பைக் கேட்பதே இல்லை என்பது. கங்காதர நெல்லூர் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. சட்டம் இயற்றும் அவைக்கு உறுப்பினரை அனுப்பும் மக்களுக்கு, தத்தம் ஊரில் பாரதம் எவ்வாறு நடக்கவேண்டும் என்று பேசும் திண்ணையில் இடம் உண்டா? ஒவ்வோர் ஊரும் தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா இது.

பகடை மேசைக்கும் இதே வினா பொருந்தும். எல்லோரும் சமமாய் அமர்ந்து பேசுவதாக அங்கே சொல்லப்படுகிறது. ஆனால் வீடு ஒருவருடையது, விதிநூல் ஒருவருடையது, பழைய நண்பர்கள் நால்வர், புதிதாய் வந்தவர் ஒருவர். அந்த ஒருவர் பெண்ணாக இருந்து, கதையில் வரும் வன்முறை தமக்கு ஒவ்வாது என்று சொல்ல நேர்ந்தால், 'விளையாட்டுதானே' என்ற ஒரே சொல்லில் அவர் வாய் அடைபட்டுவிடும். எவரும் காரணம் கூறாமலே ஓர் அட்டையைத் தொட்டு அக்காட்சியை நிறுத்தலாம் என்ற வழக்கம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அம்மேசைகளில் பரவியது இதனால்தான். அதைக் கேலி செய்வோர் உண்டு; உணர்ச்சிவசப்பட்டோர் ஆட்டத்தைக் கெடுக்கிறார்களாம். கற்பூரம் ஏற்றி ஆட்டத்தை நிறுத்திய துச்சாதனனால் எந்தத் துகிலுரிதல் கெட்டது? நிறுத்தத் தெரிந்ததால்தான் அக்காட்சியைத் தலைமுறை தலைமுறையாக ஆட முடிந்தது.

இன்னோர் எதிர்வாதம்: எல்லாவற்றையும் முன்பே பேசிவிட்டால் உயிர்ப்பு போய்விடும், கலை ஒப்பந்தப் பத்திரமாகிவிடும். இதைச் சொல்பவர்கள் கட்டியக்காரனைக் கவனித்ததில்லை. அன்றைய ஊர்ச்செய்தியை அந்தக் கணத்தில் பகடியாக்கும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வந்தது? அவன் எவரையும் கிண்டல் செய்யலாம் என்று ஊர் முன்பே ஏற்றுக்கொண்டதிலிருந்து. ஏற்றுக்கொள்ளாத ஊரில் அவன் அடிவாங்குவான், அல்லது ஊமையாவான். வரப்பு நீரைத் தடுப்பதாகத் தோன்றும். வரப்பில்லாத வயலில் நீர் நிற்பதே இல்லை.

மூன்றாவது எதிர்வாதம் இன்னும் எளியது: பிடிக்காதவர் எழுந்து போகட்டும். மேசையைப் பொறுத்தவரை இது ஓரளவு செல்லும். போகிறவர் வேறு மேசை தேடிக்கொள்வார். ஊரில் செல்லாது. பாரதம் ஊர்க்காரியம். வரி கொடுத்தவர், நேர்ந்துகொண்டவர், அங்கேயே வாழ்பவர் எழுந்து எங்கே போவார்? உண்மையில் இளைஞர்கள் எழுந்துதான் போனார்கள். போய்த் தனி மேடை போட்டார்கள். அதன் விளைவுதான் இன்றைய புலம்பல். அவர்களை 'ரசனை கெட்டவர்கள்' என்று ஒதுக்கிய பெரியவர்களும், 'பழங்கதை' என்று கூத்தை ஒதுக்கிய இளைஞர்களும் ஒரே செயலைச் செய்தனர்: பேச மறுத்தனர். பீமனும் துரியோதனனும் மோதும் பதினெட்டாம் போருக்கு இன்றும் கூட்டம் கூடுகிறது. பேசிப் பார்த்திருந்தால், முன்னிரவில் எதை ஆடுவது, பின்னிரவை யாருக்கு விடுவது, இளைஞர் எப்பொறுப்பை ஏற்பது என்பவற்றுக்கு வழி பிறந்திருக்கலாம்.

முன்பேச்சு இல்லாத ஆட்டத்தின் கதையைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஆண்டுதோறும் களரியில் ஆடப்படுவதே அது. அஸ்தினாபுரத்துச் சபையில் நடந்தது ஒரு விளையாட்டு. துரியோதனனுக்காகச் சகுனி பகடை உருட்டலாமா? ஒருவருக்காக மற்றொருவர் ஆடுவது முறையன்று என்று தருமன் வடமொழிப் பாரதத்தில் சொல்கிறான். சொல்லிவிட்டு அப்படியே ஆடவும் ஆடுகிறான். எவையெவை பந்தயமாகலாம், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று எவரும் வரையறுக்கவில்லை. தன்னை இழந்தபின் மனைவியைப் பந்தயம் வைக்கும் உரிமை ஒருவனுக்கு உண்டா என்ற வினா, எல்லாம் முடிந்தபின் திரௌபதியால் எழுப்பப்படுகிறது. விதியைப் பற்றிய வினா அது. பகடையைத் தொடுமுன் கேட்கப்பட்டிருக்க வேண்டியது. அவளோ அச்சபைக்கு அழைக்கப்படவே இல்லை, இழுத்துவரப்பட்டாள். பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று நழுவுகிறார். விதுரனும் விகர்ணனும் பேசுகிறார்கள். அவர்கள் பேச்சு ஏறவில்லை. யாருடைய வாழ்வு பந்தயமோ அவர் இல்லாத இடத்தில் ஆட்டம் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பதினெட்டு நாள் போரே விடை. கூத்து அதை ஊருக்கு ஆண்டுதோறும் ஆடிக்காட்டுகிறது. ஊர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டுப் பாரதத்துக்கான பேச்சை மீண்டும் நான்கு பேரோடு முடித்துக்கொள்கிறது.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. கொடியேறுவதற்கு ஒரு மாதம் முன்னரேனும் பேச்சு நடக்கட்டும். அதில் விழாக்குழுவோடு வாத்தியாரும், ஊரோடு சேரியும், பெண்களும், ரெக்கார்டு டான்ஸ் கேட்கும் இளைஞர்களும் அமரட்டும். எந்த இரவு எந்தக் கதை, எத்தனை மணிவரை, ஒலிபெருக்கி அனுமதி யார் பொறுப்பு, தமிழா தெலுங்கா அல்லது இரண்டுமா, சால்வையும் அறிவிப்பும் எந்த நேரத்தில், கட்டியக்காரன் யாரைத் தொடலாம், எந்த இழிசொல் களரியில் வரக்கூடாது, மழை வந்தாலும் காவலர் நிறுத்தினாலும் கூலி என்னாகும் என்பவை பேசப்பட்டு, தாளில் எழுதப்பட்டு, கோயில் சுவரில் ஒட்டப்படட்டும். நகரத்து விழாக்குழுவினர் நேரத்தைக் குறைக்கலாம். எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஆடுபவரிடம் இருக்கட்டும். பகடை மேசைக்காரர்களுக்கும் இதில் ஒன்று உண்டு: நடத்துநரை நொந்துகொள்ளுமுன், முதல்நாள் அவரிடம் என்ன கேட்டோம், என்ன சொன்னோம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இவ்வளவையும் செய்தபிறகும் நள்ளிரவில் களரியின் முன் ஆளில்லை என்றால், அப்போது ரசனை மாறிவிட்டது என்று எழுதலாம். அதுவரை அத்தீர்ப்பை எழுத எவருக்கும் உரிமை இல்லை. விடியும்வரை நின்று பாடியவரின் தொண்டையைக் குறை சொல்வதற்கு முன், பேச வேண்டிய நாளில் மூடிக்கிடந்த வாய்களைக் கணக்கெடுப்பதே முறை.